மாறுதலை எண்ணித் தொடங்குவோருக்கு: கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜா, நான்காண்டுப் பல்கலைக்கழகமா?

கலிஃபோர்னியாவில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் பிள்ளைக்கு விரும்பிய யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகத்தில் இடம் கிடைக்காதபோது, அல்லது கிடைத்தும் செலவு கட்டுப்படியாகாதபோது, குடும்பத்தின் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. இடம் கொடுத்த ஏதேனும் ஒரு நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டு, ஓரிரு ஆண்டு கழித்து விரும்பிய இடத்துக்கு மாறிக்கொள்வது ஒன்று. வீட்டருகே உள்ள, கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியில் படித்து, மூன்றாம் ஆண்டில் மாறுவது மற்றொன்று. நம் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் வழியையே நாடுகின்றன. பல்கலைக்கழகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுவதுதான் எளிதாக இருக்கும் என்ற எண்ணமும், தீபாவளி விருந்தில் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்ற தயக்கமும் அதற்குக் காரணங்கள். ஆனால் அம்மாநில அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறானது. சேரும் இடத்தின் விதிகளை முதலில் படித்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து தொடங்கும் இடத்தை முடிவு செய்வதே சரியான முறை. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

கம்யூனிட்டி காலேஜ்களுக்கு அங்கே இருக்கும் இடத்தைப் புரிந்துகொள்ள 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்தை அறிந்திருக்க வேண்டும். பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமாகிய யூ.சி.க்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகங்களாகிய சி.எஸ்.யூ.வுக்கும் தகுதி பெறுவார்கள் என்றும், மற்ற அனைவருக்கும் இரண்டாண்டுக் கல்லூரிகள் திறந்திருக்கும் என்றும், அங்கிருந்து தகுதியோடு வருவோருக்கு மேல்வகுப்புகளில் இடம் ஒதுக்கப்படும் என்றும் அத்திட்டம் வகுத்தது. இன்று 116 கல்லூரிகள் அந்த ஏற்பாட்டின் கீழ் இயங்குகின்றன. இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒரு மாறுதல் மாணவர் என்ற விகிதத்தை யூ.சி. தன் இலக்காக வைத்திருக்கிறது. அப்படி மாறி வருவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருபவர்கள்.

முதற்படி: மாறுவதுதான் நோக்கமா என்பதை உறுதி செய்தல்

கைக்கு வந்த பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் இருந்து பட்டம் பெறப் பிள்ளைக்கு மனம் ஒப்புமானால், அதில் சேர்வதே நல்லது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவருக்குத் தேவைப்படாது. சி.எஸ்.யூ. வளாகமான சான் ஹோசே ஸ்டேட்டில் கணினித் துறை கிடைத்த மாணவர், யூ.சி. பெர்க்லிக்கு மாறலாம் என்ற கனவுக்காக அதை விடுவது புத்திசாலித்தனமாக எனக்குப் படவில்லை. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துகொண்டே மாறுதலுக்கும் திட்டமிடுவதுதான் இருப்பவற்றுள் பலவீனமான நிலை. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, முன்னுரிமை. மாறுதல் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது மூன்றாமாண்டுக்குத் தகுதி பெற்ற கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களை யூ.சி. முதலில் கருதுகிறது, பிற பல்கலைக்கழகங்களிலிருந்து வருவோர் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இரண்டாவது, பாடங்களின் அளவைக் குறிக்கும் யூனிட் கணக்கு. கம்யூனிட்டி காலேஜில் மட்டும் படித்தவர் எத்தனை யூனிட் எடுத்திருந்தாலும் 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் கணக்கில் ஏறாது என்பதால், அளவுக்கு மீறிப் படித்துவிட்டார் என்று அவரை ஒதுக்க மாட்டார்கள். நான்காண்டுக் கல்லூரியில் படித்தவருக்கு அங்கே எடுத்த மேல்வகுப்பு யூனிட்டுகள் அந்த வரம்புக்கு மேலும் ஏறும். அவர் நான்காமாண்டு மாணவர் என்ற கணக்கில் விழுந்துவிட்டால் சில வளாகங்கள் விண்ணப்பத்தையே ஏற்பதில்லை. மூன்றாவது, பாடப் பொருத்தம். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்ற எழுத்துமூல உடன்பாடுகள் கம்யூனிட்டி காலேஜ்களுக்குத்தான் முழுமையாக இருக்கின்றன. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-இல் வெளியிட்ட அறிக்கை, கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாகத் தம் கிரெடிட்டுகளில் (யூனிட்டுகளில்) 43 சதவீதத்தை இழந்ததாகக் கணக்கிட்டது. உடன்பாடு இல்லாத இடங்களுக்கிடையே மாறும்போது அந்த ஆபத்து கூடும்.

ஏற்கெனவே நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டவருக்கும் ஒரு வழி உண்டு. அங்கிருந்து விலகி, கம்யூனிட்டி காலேஜில் கோடைப் பருவம் நீங்கலாகக் குறைந்தது இரண்டு பருவம் படித்து, 30 செமஸ்டர் யூனிட் முடித்து, கடைசியாகப் படித்த கல்லூரி அதுவாகவே இருக்குமாறு பார்த்துக்கொண்டால், யூ.சி. அவரைக் கம்யூனிட்டி காலேஜ் மாணவராகவே கருதும். இருப்பினும் முன்பு எடுத்த யூனிட்டுகள் மறைந்துவிடுவதில்லை.

இரண்டாம் படி: மேஜரையும் சேருமிடங்களையும் எழுதிவைத்தல்

மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்தை முடிவு செய்யாமல் மாறுதலுக்குத் திட்டமிட இயலாது. முதலாண்டு மாணவராகச் சேர்பவர் மேஜரை முடிவு செய்யாமலே ஓராண்டு கழிக்கலாம். மாறுதல் மாணவருக்கு அந்த அவகாசம் கிடையாது. அவர் விண்ணப்பிக்கும்போதே அந்த மேஜரின் முன்தேவைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும் அல்லது முடிக்கும் தறுவாயில் இருக்க வேண்டும். எது படிப்பது என்றே தெரியாத பிள்ளைக்குக் கம்யூனிட்டி காலேஜ் மலிவான சோதனைக் களம் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. மலிவு என்பது சரி. ஆனால் சோதனைக்காகச் செலவிடும் ஒவ்வொரு செமஸ்டரும் மாறும் தேதியைத் தள்ளிப்போடும்.

ஒரு மேஜருக்கு மூன்று இலக்குகள் போதும்: ஆசைப்படும் இடம் ஒன்று, கிடைக்க வாய்ப்புள்ள இடம் ஒன்று, உத்தரவாதமுள்ள இடம் ஒன்று. உத்தரவாதம் என்பது இங்கே வெறும் பேச்சு இல்லை. டேக் என்று அழைக்கப்படும் மாறுதல் சேர்க்கை உறுதித் திட்டத்தின்படி டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஏதேனும் ஒன்றில், குறித்த ஜி.பி.ஏ.வையும் (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) பாடங்களையும் நிறைவு செய்தவருக்கு இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் அத்திட்டத்தில் இல்லை. திட்டத்தில் உள்ள வளாகங்களிலும் எல்லா மேஜர்களும் அடங்குவதில்லை. சான்டா பார்பராவின் பொறியியல் கல்லூரி அப்படி விடுபட்டவற்றுள் ஒன்று. ஒருவர் ஒரு வளாகத்துக்கு மட்டுமே டேக் விண்ணப்பம் தரலாம். மற்ற வளாகங்களுக்கு வழக்கமான முறையில் விண்ணப்பிப்பதை அது தடுக்காது.

சி.எஸ்.யூ. பக்கம் 2010-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான ஏ.டி.டி. என்ற மாறுதலுக்கான இணைப்பட்டம் இருக்கிறது. 60 யூனிட்டில் அதை முடித்தவருக்கு சி.எஸ்.யூ. அமைப்பில் இடம் உறுதி. மேலும் 60 யூனிட்டில் பட்டம் முடியும். உறுதி அமைப்புக்குத்தானே தவிர, கேட்ட வளாகத்துக்கு அன்று. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் பலர்.

மூன்றாம் படி: அசிஸ்ட் உடன்பாட்டை வரிக்கு வரி படித்தல்

அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் கல்லூரியையும், சேர விரும்பும் பல்கலைக்கழகத்தையும், மேஜரையும் தேர்ந்தால், இரு பக்கப் பாடங்களையும் அருகருகே காட்டும் பட்டியல் வரும். உறவினர் சொன்னது, வாட்ஸாப் குழுவில் வந்தது, மூத்த மாணவர் அனுபவம் ஆகிய எல்லாவற்றையும் இந்தப் பட்டியலுக்குக் கீழேதான் வைக்க வேண்டும். மூன்று இலக்குகளுக்கும் மூன்று பட்டியல்களைத் தனித்தனியே அச்சிட்டு, பொதுவான பாடங்களை ஒரு நிறத்தாலும், ஓரிடத்துக்கு மட்டும் தேவையானவற்றை வேறொரு நிறத்தாலும் குறித்துக்கொள்வது நல்லது. ஓர் இலக்குக்கு மட்டும் தேவையான பாடங்கள் மூன்று நான்கு சேர்ந்துவிட்டால், அந்த இலக்கு அதற்குத் தகுந்ததா என்ற கேள்வி அப்போதே எழும்.

பட்டியலில் சில இடங்களில், இந்தப் பாடத்துக்கு ஈடான பாடம் இக்கல்லூரியில் இல்லை என்று குறிப்பிட்டிருக்கும். அது கட்டாயப் பாடமாக இருந்தால் வேறொரு கம்யூனிட்டி காலேஜில் அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுக்கலாம். அப்படிப் பல கல்லூரிகளில் பாடம் எடுப்பது அங்கே சாதாரணமானது. ஆனால் தொடர்வரிசைப் பாடங்களைப் பிரிக்கக் கூடாது. குப்பர்டினோவில் உள்ள டி ஆன்சாவும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் உள்ள ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறையில் (ஆண்டுக்கு மூன்று பருவம்) நடக்கின்றன. ஃப்ரீமான்ட்டின் ஓலோனியும் இன்னும் பெரும்பாலான கல்லூரிகளும் செமஸ்டர் முறையில் (ஆண்டுக்கு இரண்டு பருவம்) நடக்கின்றன. டி ஆன்சாவில் நான்கு குவார்ட்டர்களில் முடியும் கால்குலஸ் வரிசையில் இரண்டை மட்டும் முடித்துவிட்டுச் செமஸ்டர் கல்லூரிக்குப் போனால், இடையில் ஒரு பகுதி இரண்டு முறை வரும், அல்லது விட்டுப்போகும்.

மேஜர் எதுவாயினும் படிக்க வேண்டிய பொதுப் பாடங்களுக்கு, 2025 இலையுதிர்ப் பருவம் முதல் புதிதாகத் தொடங்குவோருக்குக் கால்-கெட்சி என்ற 11 பாடத் தொகுப்பு இருக்கிறது, யூ.சி.க்கும் சி.எஸ்.யூ.வுக்கும் அதுவே பொது. பொறியியல் மாணவர்கள் இதில் மயங்கிவிடக் கூடாது. அவர்களுக்கு மேஜரின் முன்தேவைப் பாடங்களே முதன்மையானவை. பொதுப் பாடத் தொகுப்பை முழுமையாக முடித்து, இயற்பியலில் ஒரு பாடத்தைப் பாக்கி வைத்த விண்ணப்பத்துக்கு மதிப்பு குறைவு.

நான்காம் படி: பருவ வாரியாக அடுக்கிப் பார்த்தல்

இரண்டாண்டில் மாறிவிடலாம் என்ற நம்பிக்கை நிற்குமா உடையுமா என்பது இந்தப் படியில் தெரியும். கணினியியலுக்கோ பொறியியலுக்கோ போகிறவர் கால்குலஸ் மூன்று பாடங்கள், அதன்பின் நேரியல் இயற்கணிதமும் வகையீட்டுச் சமன்பாடுகளும் என்ற வரிசையில் நான்கு செமஸ்டர் கணிதம் படிக்க வேண்டும். கால்குலஸைத் துணையாகக் கொண்ட இயற்பியல் வரிசை அதனோடு பிணைந்திருக்கும். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் தொடங்கினால்தான் நான்கு செமஸ்டரில் முடியும். ப்ரீகால்குலஸில் தொடங்குபவருக்குக் கோடைப் பருவங்கள் வேண்டும், அல்லது மூன்றாவது ஆண்டு வேண்டும். மாறாக, பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி.யில், கால்குலஸ் பி.சி. தாளில் 4 அல்லது 5 வாங்கியவர் இரண்டு செமஸ்டர் முன்னால் நிற்கக்கூடும்; சேருமிடத் துறை அந்த மதிப்பெண்ணை ஏற்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருளியல், உளவியல், வரலாறு போன்ற மேஜர்களில் முன்தேவைகள் குறைவு என்பதால் இந்த நெருக்கடி இல்லை.

அடுக்கிய பட்டியலோடு, கல்லூரியின் கடந்த இரண்டாண்டு வகுப்பு அட்டவணையையும் ஒப்பிடுவது அவசியம். சில சிறிய கல்லூரிகளில் மூன்றாம் இயற்பியல் பாடம் ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே பிரிவாக நடக்கும். அது தவறினால் ஓராண்டு தவறும்.

ஐந்தாம் படி: செலவைக் கணக்கிடுதல்

கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு யூனிட் கட்டணம் 2012 முதல் 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் என்றால் 1,380 டாலர். முதன்முறையாக முழுநேரம் சேர்வோருக்கு முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் ப்ராமிஸ் திட்டம் பல கல்லூரிகளில் உண்டு. யூ.சி.யில் மாநிலவாசிக்கான கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15,000 டாலர். விடுதி, உணவு சேர்ந்தால் மொத்தம் 40,000 டாலரைத் தாண்டும். சி.எஸ்.யூ. கட்டணம் 6,000 டாலருக்கு மேல். வளாகக் கட்டணமும் தங்கும் செலவும் தனி. பிள்ளை வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வர முடியுமானால், இரண்டாண்டில் மிச்சமாவதில் பெரும்பகுதி விடுதிச் செலவாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு உதவித்தொகை கிடைக்காத நடுத்தர, உயர் வருமானக் குடும்பத்துக்கே முழுமையாகப் பொருந்தும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு கூட்டரசின் பெல் கிராண்ட், மாநிலத்தின் கால் கிராண்ட், யூ.சி.யின் சொந்த உதவி ஆகியவை சேர்ந்து கல்விக் கட்டணத்தை முழுவதுமாக ஈடுகட்டிவிடக்கூடும்; அந்நிலையில் யூ.சி. இடத்தை விட்டுவிட்டுச் சிக்கனத்துக்காகக் கம்யூனிட்டி காலேஜ் போவது நட்டம். அதேபோல் தனியார் பல்கலைக்கழகங்களின் பெரிய தகுதி உதவித்தொகைகள் பெரும்பாலும் முதலாண்டு மாணவர்களுக்கானவை. ஆகவே எல்லா இடங்களின் உதவிக் கடிதங்களும் கைக்கு வந்த பிறகு, நான்கு ஆண்டுகளுக்கான நிகரச் செலவைப் பக்கத்துப் பக்கமாக எழுதிப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஆண்டு கம்யூனிட்டி காலேஜில் கழிய நேர்ந்தால் ஓராண்டுச் சம்பளம் தள்ளிப்போவதையும் அதில் சேர்க்க வேண்டும்.

ஆறாம் படி: நான்காண்டுப் பல்கலைக்கழகமே சரியாகும் நிலைகளை நேர்மையாகப் பார்த்தல்

கம்யூனிட்டி காலேஜில் சேர்வோரில் சுமார் எண்பது சதவீதத்தினர் இளநிலைப் பட்டத்தை எண்ணியே வருகிறார்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார். மாறியவர்களிலும் சுமார் பாதிப்பேர்தான் தொடங்கிய ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறுகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகப் படிப்பவர்களும், குடும்பப் பொறுப்புள்ளவர்களும் அந்தக் கணக்கில் நிறைய இருக்கிறார்கள் என்பதால், பெற்றோர் வீட்டிலிருந்து முழுநேரம் படிக்கும் பிள்ளைக்கு அது அப்படியே பொருந்தாது. ஆயினும் அதை ஒதுக்கிவிடக் கூடாது. வளாகத்தில் கூடவே தங்கும் தோழர்கள் இல்லாத இடத்தில், யாரும் தட்டிக்கேட்காமல் தானே அட்டவணை போட்டுப் படிக்கும் இயல்பு பிள்ளைக்கு உண்டா என்பதைப் பெற்றோர் ஊகிப்பதைவிட, பள்ளியின் கடைசி ஆண்டு எப்படிப் போனது என்று பார்ப்பது மேல். இன்னும் நல்ல சோதனை உண்டு: பள்ளியில் இருக்கும்போதே இரட்டைப் பதிவு முறையில் கம்யூனிட்டி காலேஜ் பாடம் ஒன்றைக் கட்டணமின்றி எடுத்துப் பார்க்கலாம்.

சில துறைகளில் மாறுதல் கதவு மிகவும் குறுகலானது. செவிலியம், கட்டடக்கலை போன்ற, முதலாண்டிலிருந்தே ஒரே குழுவாகச் செல்லும் படிப்புகள் இதில் அடங்கும். ஸ்டான்ஃபோர்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் மாறுதலில் எடுப்பது ஒரு கைப்பிடி மாணவர்களையே. பிரின்ஸ்டன் பல பத்தாண்டுகள் மாறுதலையே நிறுத்திவைத்து 2018-இல்தான் மீண்டும் தொடங்கியது. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் அது ஊக்கம் அளித்தாலும் இடங்கள் சொற்பம்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று வேலைவாய்ப்புக் காலம். தொழில்நுட்ப, நிதி நிறுவனங்கள் மூன்றாமாண்டுக் கோடைப் பயிற்சிக்கு ஆளெடுப்பதை இலையுதிர்ப் பருவத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகின்றன. அப்போது மாறுதல் மாணவர் வளாகத்துக்குள் நுழைந்து சில வாரங்களே ஆகியிருக்கும்; பேராசிரியர் எவரும் அவரை அறிந்திருக்க மாட்டார்கள். இதை ஈடுகட்ட, கம்யூனிட்டி காலேஜின் இரண்டாம் ஆண்டிலேயே சொந்தத் திட்டப்பணி, சுயவிவரம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: விசா நிலையைக் கணக்கில் எடுத்தல்

எச்-1பி பெற்றோரின் பிள்ளையாக எச்-4 விசாவில் இருப்பவர் கலிஃபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் வசித்து மாநிலவாசித் தகுதி பெறலாம். ஆனால் கூட்டரசின் கல்வி உதவி அவருக்குக் கிடைக்காது. பெரிய சிக்கல், எச்-4 தகுதி முடிந்துபோகும் 21-ஆம் பிறந்தநாள். பசுமை அட்டை வரிசை நீண்டிருப்பதால், பலர் படிப்பின் நடுவே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேர்கிறது. அந்தத் தேதி மாறுதலுக்கு முன் வருகிறதா, பின் வருகிறதா என்று குறித்துக்கொண்டு, அதன்பின் எந்தக் கட்டணம் விதிக்கப்படும் என்பதை இரு கல்லூரிகளின் பதிவு அலுவலகங்களிலும் எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும். யூ.சி.யில் வெளியாருக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் என்பதால் இதை வாய்மொழிக்கு விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து நேராக எஃப்-1 விசாவில் கம்யூனிட்டி காலேஜுக்கு வருபவருக்கு 46 டாலர் கட்டணம் இல்லை. யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் வாங்குவது வழக்கம். செமஸ்டருக்கு 12 யூனிட் கட்டாயம். அதில் ஓர் இணையவழிப் பாடத்துக்கு மேல் கணக்கில் வராது. யூ.சி. மாறுதலுக்கு மாநிலவாசிக்கு 2.4 என்ற குறைந்தபட்ச ஜி.பி.ஏ., வெளியாருக்கு 2.8. இவை விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. போட்டி மிகுந்த மேஜர்களில் இடம் கிடைக்க 4.0-ஐ நெருங்க வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: சேர்ந்த பின் காலண்டரைப் பின்பற்றுதல்

முதல் மாதத்திலேயே மாறுதல் ஆலோசகரைச் சந்தித்து எழுத்துமூலக் கல்வித் திட்டம் பெற வேண்டும். ஆலோசகர் சொல்வதும் அசிஸ்ட் சொல்வதும் வேறுபட்டால், அசிஸ்ட் பக்கத்தைக் காட்டிக் கேட்கத் தயங்கக் கூடாது. சி அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடத்தை மதிப்பெண் உயர்த்துவதற்காகத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், முதல் செமஸ்டரில் கடினமான மூன்று பாடங்களை ஒன்றாகக் குவிப்பது ஆபத்து. பள்ளி மதிப்பெண்களை யூ.சி. மாறுதலில் பார்ப்பதில்லை என்பது பலருக்கு நிம்மதி தரும். கல்லூரி மதிப்பெண்களே எல்லாம் என்பதும் அதனாலேயே.

இரண்டாம் ஆண்டின் தேதிகள் இவை. செப்டம்பர் 1 முதல் 30 வரை டேக் விண்ணப்பம். அக்டோபர் தொடங்கி நவம்பர் இறுதியை ஒட்டிய நாள் வரை யூ.சி. விண்ணப்பம், சி.எஸ்.யூ.வுக்கும் ஏறக்குறைய அதே காலம். ஜனவரியில் இலையுதிர்ப் பருவ மதிப்பெண்களைப் புதுப்பிக்கும் படிவம். டேக் பெற்றவரும் இதைத் தவறவிடக் கூடாது. மார்ச் 2 கால் கிராண்ட் கடைசி நாள். ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலான முடிவுகள் வந்துவிடும். ஏற்பைத் தெரிவிக்க ஜூன் 1 வரை அவகாசம்.

வேறு மாநிலங்களில் வசிப்போர் இதே வரிசையைப் பின்பற்றலாம். விதிகள் மட்டும் மாறும். ஃப்ளோரிடாவில் ஏ.ஏ. இணைப்பட்டம் பெற்றவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி, வளாகம் உறுதியில்லை. வர்ஜீனியாவின் கம்யூனிட்டி காலேஜ்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தோடும் தனித்தனி உறுதி உடன்பாடுகள் உண்டு; நோவா எனப்படும் வடக்கு வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜுக்கும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான அட்வான்ஸ் திட்டம் அவற்றுள் கவனிக்கத்தக்கது. நியூ ஜெர்சியில் பள்ளி வகுப்பின் முதல் 15 சதவீதத்தினருக்கு மாவட்டக் கல்லூரியில் என்.ஜே. ஸ்டார்ஸ் உதவி கிடைக்கிறது.

அனுமதிக் கடிதம் நிபந்தனைகளோடுதான் வரும். கடைசி வசந்தப் பருவத்தில் பதிவு செய்த பாடம் ஒன்றை விலக்கிக்கொள்வதாக இருந்தால், விலக்குமுன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். சி.எஸ்.யூ.வுக்குப் போகிறவர் பேச்சு, எழுத்து, திறனாய்வுச் சிந்தனை, கணிதம் ஆகிய நான்கு அடிப்படைப் பாடங்களையும் அந்த வசந்தத்துக்குள் முடித்திருக்க வேண்டும். வசந்த மதிப்பெண்கள் ஏறியதும் படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும், ஒரே ஒரு பாடம் எடுத்த கல்லூரி உட்பட, இறுதி மதிப்பெண் சான்றை அனுப்பச் சொல்லி, ஏ.பி. மதிப்பெண்களை அத்தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து தனியே அனுப்பி, கால்-கெட்சி முடித்திருந்தால் அதன் சான்றளிப்பையும் கோர வேண்டும். அந்தச் சான்றளிப்பைக் கல்லூரி தானாக அனுப்பிவிடும் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் அதை மாணவர்தான் கேட்டுப் பெற வேண்டும்.